பாலொளிக் கோலியும் சந்திரகாந்தக் கல்லும்

கண்ணாடியின் வரலாறு பெரிதும் மாளிகைகளையும் பள்ளிவாசல்களையும் சார்ந்தே எழுதப்பட்டு வந்திருக்கிறது. மம்லூக் சுல்தான்களின் காலத்தில், ஹிஜ்ரி 7, 8ஆம் நூற்றாண்டுகளில், எகிப்திலும் சிரியாவிலும் ஊதிச் செய்யப்பட்ட பள்ளிவாசல் விளக்குகள் இன்று உலகின் பெரும் அருங்காட்சியகங்களில் இடம்பெற்றுள்ளன. கண்ணாடிக்குள் வைத்த விளக்கை உவமையாகக் கூறும் அந்நூர் அத்தியாயத்தின் 35ஆம் வசனம் அவற்றுள் பலவற்றின் கழுத்தைச் சுற்றிப் பொறிக்கப்பட்டிருப்பதை அறிஞர் எடுத்துக்காட்டியுள்ளனர். அவ்விளக்குகளை ஆக்கிய அதே மணலும் காரமும் நெருப்புமே சிறுவர் கையில் உருளும் கோலிக்குண்டையும் ஆக்கின. ஆயினும் கோலிக்கு வரலாறு எழுதுவார் மிகச் சிலரே. தென்மாவட்டங்களில் அதனைப் 'பளிங்கு' என்றே வழங்குவர். பண்டைத் தமிழில் படிகக் கல்லைக் குறித்த சொல், கல்லைப்போல் தோன்றும் கண்ணாடிக்கு இறங்கி வந்திருக்கிறது. கல்லெது, கண்ணாடி எது என்னும் மயக்கம் சொல்லிலேயே தொடங்கிவிட்டது போலும்.

இம்மயக்கம் ஒரு குடும்பத்தின் பணத்தேவையோடு பின்னிக்கிடந்ததை அண்மையில் காண நேர்ந்தது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில், தொழிற்சாலைகளின் கழிவுப் பொருள்களை எடைக்கு வாங்கும் காயலான் கடை ஒன்று உண்டு. (பழம்பொருள் கடைக்கு வழங்கும் இப்பெயர் காயல்பட்டினத்து வணிகரால் வந்தது என்பர். அவ்வூரார் பழைய இரும்பை மட்டுமன்றி இலங்கை மணிக்கற்களையும் நெடுங்காலம் கையாண்டவர்கள் என்பதை இங்கு நினைவுகூரலாம்.) அக்கடைக்காரர் ஒரு சிறு துணி முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே நெல்லிக்காயினும் சற்றுச் சிறிய பால்நிறக் குண்டு ஒன்று இருந்தது. கறுத்த மேசைமேல் வைத்தபோது இளநீலமாகவும், சாளரத்து வெயிலுக்கு நேரே தூக்கியபோது தீக்கங்குபோல் செம்மஞ்சளாகவும் அது தோன்றியது.

"பக்கத்துத் தெரு அம்மா கொடுத்து வச்சிருக்காங்க பாய். அவங்க வீட்டுக்காரர் கொழும்புல கடை வச்சிருந்தவர். சந்திரகாந்தக் கல்லுன்னு சொல்றாங்க. வித்துத் தரச் சொன்னாங்க, எனக்குத் தெரியல. நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றார் அவர்.

கொழும்பு என்ற சொல் அந்தக் கூற்றுக்கு ஒரு வலுவைத் தந்தது. இலங்கையின் தென்பகுதியில் மீட்டியாகொடை என்னும் ஊர் நீலச்சாயல் பொருந்திய சந்திரகாந்தக் கற்களுக்குப் பெயர்பெற்றது. பேருவளை முஸ்லிம்களின் மணிக்கல் வணிகமும் புகழ்வாய்ந்தது. நம் நாட்டிலும் காங்கேயம் வட்டாரத்தில் இக்கல் கிடைப்பதுண்டு. எனவே அம்மையாரின் நம்பிக்கை அடிப்படையற்றதன்று. ஆனால் பாலொளிக் கண்ணாடியைச் சந்திரகாந்தம் எனக் கூறி விற்கும் வழக்கம் இன்றைய மணிக்கல் சந்தைகளில் மிகுதி. ஆம் என்றால் ஒருவர் ஏமாறுவார், இல்லை என்றால் ஒருவர் வாடுவார். இந்நிலையில் விடை கூறுமுன் விளங்கிக்கொள்ள வேண்டியவை பல இருந்தன.

முதலில் கண்ணாடி பால்போல் ஆவது எவ்வாறு என்பதைக் காண்போம். ஸ்ரீபெரும்புதூரில் 2000ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் செயின்ட் கோபெய்ன் ஆலை போன்றவற்றில் செய்யப்படுவது மிதவைக் கண்ணாடி. பிரிட்டனில் அலஸ்டர் பில்கிங்டன் 1950களில் கண்டு, 1959இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட முறை இது. உலையில் உருகிய கண்ணாடிக் குழம்பு ஏறத்தாழ 1,100 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகிய வெள்ளீயத்தின்மேல் ஊற்றப்பட்டு, நீர்மேல் எண்ணெய்போல் பரந்து, 600 பாகை அளவுக்குக் குளிர்ந்து தகடாக வெளியேறுகிறது. குமிழியோ மங்கலோ படிகத் துகளோ அதில் நேராதவாறு காப்பதே அத்தொழிலாளரின் ஓயாத கவலை. சாலையெங்கும் விரையும் கார்களின் முகப்புக் கண்ணாடி அவ்வாறு மாசற்றதாக இருந்தாலன்றிப் பயனில்லை.

பாலொளிக் கோலியைச் செய்பவனோ இம்மாசையே வேண்டி வருவித்துக்கொள்கிறான். எலும்புச் சாம்பல், புளோரின் சேர்ந்த கனிமங்கள், ஆர்செனிக் ஆகியவற்றுள் ஒன்றைக் குழம்பில் கலந்தால், அது குளிரும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளோ படிகங்களோ உள்ளே பிரிந்து நிற்கும். அத்துகள்கள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியனவாயின் நீல ஒளியை மிகுதியாகச் சிதறடித்துச் செம்மஞ்சளை ஊடுருவ விடும். துகள்கள் பெருத்துவிட்டாலோ எல்லா நிறமும் ஒருங்கே சிதறி வெறும் வெண்மையே எஞ்சும். ஆகவே சுண்ணாம்பு வெள்ளையான குண்டும் நீலம் பூக்கும் குண்டும் ஒரே உலையில், ஒரே கலவையில், குளிரவிட்ட நேரத்தின் வேறுபாட்டால் மட்டும் பிறந்திருக்கக் கூடும். சேகரிப்போர் பலர் இதனை எண்ணாமல் நிறத்தை மட்டும் கொண்டு ஆலையின் பெயரைக் கூறிவிடுகின்றனர்.

கண்ணாடியையும் அதன் உறவான மெருகுப் பூச்சையும் வெண்மையாக்கும் கலை பழமையானது. ஹிஜ்ரி 3ஆம் நூற்றாண்டில் ஈராக்கின் பஸராக் குயவர்கள் சீனத்துப் பீங்கானின் வெண்மையைத் தம் மண்பாண்டத்தில் கொணர விழைந்து, மெருகுப் பூச்சில் வெள்ளீய ஆக்ஸைடைக் கலந்தனர். அங்குக் கண்ணாடிப் பூச்சை மறைத்த அதே உலோகம் இன்று ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடியைத் தெளிவாகத் தாங்கி நிற்கிறது.

நீல நிறத்தின் காரணத்தை ஆராய்ந்தோருள் முன்னோடியாகக் குறிக்கத்தக்கவர் கி.பி. 873 அளவில் மறைந்த அல்கிந்தீ ஆவார். வானம் நீலமாகத் தோன்றுவதன் காரணம் குறித்து அவர் தனியே ஒரு சிறுநூல் இயற்றினார். காற்றுக்குத் தன்னியல்பான நிறம் இல்லை என்றும், அதில் மிதக்கும் நுண்பொருள்கள் ஒளியேற்று நிற்க, அவற்றுக்கு அப்பாலுள்ள இருளோடு அவ்வொளி கலப்பதாலேயே நீலம் தோன்றுகிறது என்றும் அவர் கருதினார். இன்றைய இயற்பியல் இவ்விளக்கத்தை அப்படியே ஏற்பதில்லை. நுண்துகள்களின் ஒளிச்சிதறலை 1869இல் டிண்டால் ஆய்வுக்கூடத்தில் காட்டினார், 1871இல் ராலே கணக்கால் விளக்கினார். ஆயினும் 'அப்பாலுள்ள இருள்' என்ற அல்கிந்தீயின் குறிப்பு வீணானதன்று. மேற்கூறிய குண்டைக் கறுப்புத் துணிமேல் வைத்தால் நீலம் எழுகிறது. வெள்ளைத் தாள்மேல் வைத்தால் அந்நீலம் கரைந்துவிடுகிறது. பின்னிருந்து வரும் வெண்ணொளி மெல்லிய நீலத்தை மூழ்கடிக்கிறது. கோலி சேகரிப்போர் ஒரு கறுப்புத் துணித்துண்டை எப்போதும் பையில் வைத்திருப்பதற்கு இதுவே காரணம். அவர்களுள் எத்தனைபேர் அல்கிந்தீயின் பெயரைக் கேட்டிருப்பர் என்பது வேறு செய்தி!

கண்ணாடி உருண்டைக்கும் முஸ்லிம் அறிவியலாருக்கும் உள்ள தொடர்பு இதனினும் நெருக்கமானது. பஸராவில் 965 அளவில் பிறந்து கெய்ரோவில் 1040 அளவில் மறைந்த இப்னுல் ஹைதம், ஏழு பாகங்கள் கொண்ட 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஒளியியல் பெருநூலைத் தவிர, எரிக்கும் உருண்டை குறித்துத் தனிநூலும் எழுதினார். கதிரவனின் கதிர்கள் ஒளி ஊடுருவும் உருண்டைக்குள் புகுந்து, வளைந்து, மறுபுறம் குவியும் வகையை அதில் ஆராய்ந்தார். அதனைக் கற்று மேற்சென்றவர் கமாலுத்தீன் அல்பாரிஸீ (1267–1319). தம் ஆசான் குத்புத்தீன் ஷீராஸீயின் தூண்டுதலால் இப்னுல் ஹைதமின் நூலுக்கு விரிவுரை எழுதிய அவர், நீர் நிரப்பிய கண்ணாடி உருண்டையை ஒற்றை மழைத்துளிக்கு ஈடாகக் கொண்டார். இருட்டறையில் அதன்மேல் ஒளியை விழச்செய்து, இருமுறை விலகலும் ஒருமுறை எதிரொளிப்பும் முதல் வானவில்லையும், இருமுறை விலகலும் இருமுறை எதிரொளிப்பும் இரண்டாம் வானவில்லையும் ஆக்குகின்றன என நிறுவினார். ஏறக்குறைய அதே ஆண்டுகளில் ஜெர்மானியத் துறவி டீட்ரிஷ் இவரை அறியாமலே இம்முடிவை எட்டினார் என்பது அறிவியல் வரலாற்றின் வியப்புகளுள் ஒன்று.

ஆனால் நம் கடைக்காரரின் வினாவுக்கு நேரே தொடர்புடையவர் அல்பிரூனீ. கஸ்னவி அரசர் மவ்தூதுக்காக அவர் எழுதிய 'கிதாபுல் ஜமாஹிர்' மணிக்கற்களையும் உலோகங்களையும் பற்றிய நூல். அதில் கண்ணாடியும் இடம்பெறுகிறது. மணிக்கற்களின் எடையை அவை வெளியேற்றும் நீரின் அளவோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் உரிய விகிதத்தை வியக்கத்தக்க நுட்பத்துடன் அவர் அளந்தார். 1121–22இல் அல்காஸினீ தம் 'மீஸானுல் ஹிக்மா'வில் அவ்வளவைகளை எடுத்தாண்டு, நீர்த்தராசை மேலும் செம்மையாக்கினார். நிறத்தைக் கண்டு மயங்காமல் எடையைக் கேட்டு முடிவுசெய்யும் முறை அது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரை மணிவீதியின் கற்களும் அவற்றின் குற்றங்களும் விரித்துரைக்கப்படுவதை நாம் அறிவோம். அங்கு மதிப்பீடு கண்ணால் நிகழ்ந்தது. அல்பிரூனீ அதனைத் தராசுக்குக் கொண்டுசென்றார்.

அத்தராசு நம் குண்டுக்கு உதவுமா? மாணிக்கத்தையும் சிவப்புக் கண்ணாடியையும் பிரிக்க அது போதும். மாணிக்கத்தின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 4. சாதாரணச் சோடாச் சுண்ணாம்புக் கண்ணாடியின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 2.5. சந்திரகாந்தமோ பெல்ஸ்பார் இனக் கனிமம். அதன் ஒப்படர்த்தி 2.56 முதல் 2.59 வரை. இவ்விரண்டுக்கும் இடைவெளி மிகக் குறைவு. கண்ணாடியின் கலவை சிறிது மாறினாலே அவ்விடைவெளி மறைந்துவிடும். அல்பிரூனீயின் தராசு தோற்கும் இடங்களுள் இதுவும் ஒன்று. எனவே மீண்டும் ஒளியிடமே திரும்ப வேண்டியிருக்கிறது.

சந்திரகாந்தத்தின் நீலம் பிறக்கும் விதம் வேறு. இருவகைப் பெல்ஸ்பார்கள் ஏடுகள்போல் மெல்லிய அடுக்குகளாகப் பிரிந்து நிற்பதால் அவ்வொளி எழுகிறது. திருச்சிராப்பள்ளியில் 1888இல் பிறந்த சர் சி. வி. இராமன், இலங்கைச் சந்திரகாந்தக் கற்களின் அமைப்பையும் ஒளியியல் இயல்பையும் பற்றி 1950இல் தம் உடனாய்வாளருடன் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார் என்பது பலர் அறியாத செய்தி. 1921இல் 'நார்க்குண்டா' கப்பலில் மத்தியதரைக் கடலைக் கடக்கும்போது, சட்டைப் பையிலிருந்த நிக்கல் பட்டகத்தால் கடற்பரப்பின் எதிரொளியை அடக்கி, நீரின் நீலம் வானத்தின் நிழலன்று, நீரே சிதறடிக்கும் ஒளி எனக் கண்டவர் அவர்தாம். அல்கிந்தீ வினவிய நீலத்தை அவர் கடலிலும் கல்லிலும் தொடர்ந்து சென்றார் எனலாம்.

அடுக்குகளால் எழும் ஒளி குறிப்பிட்ட கோணத்தில் மட்டுமே தோன்றும். கல்லைச் சுழற்றினால் அது மேற்பரப்பில் மிதந்து நகர்ந்து, பின் மறையும். கண்ணாடியின் நீலம் அவ்வாறன்று. எப்பக்கம் திருப்பினும் ஒரே சீராக நிற்கும். சந்திரகாந்தத்தின் உள்ளே பூரான் கால்கள்போல் இணையிணையான நுண்விரிசல்கள் காணப்படுவதுண்டு. கண்ணாடியின் உள்ளே காணப்படுவது உருண்டைக் குமிழி. இவை இரண்டும் போதாவிடின் மூன்றாவது சோதனை ஒன்று உண்டு. இதற்கு வேண்டிய கருவி அக்காயலான் கடையிலேயே குவிந்து கிடந்தது. பழைய கால்குலேட்டர், கைப்பேசி ஆகியவற்றின் திரைகளில் ஒட்டியிருக்கும் கருமையான போலராய்டு தகடே அது. அத்தகடுகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒளி முழுதும் மறையும்வரை ஒன்றைத் திருப்ப வேண்டும். பின் இடையில் குண்டை வைத்து உருட்ட வேண்டும். படிகமாகிய சந்திரகாந்தம் ஒரு முழுச் சுற்றில் நான்குமுறை ஒளிர்ந்து நான்குமுறை இருளும். கண்ணாடி அவ்வாறு மாறிமாறி ஒளிர்வதில்லை. மிஞ்சினால் உள்ளழுத்தத்தால் மங்கலான சிலுவை போன்றதொரு நிழல் தெரியும்.

நம் குண்டு நான்குமுறை ஒளிரவில்லை. அதன் நீலமும் நகரவில்லை. பூதக்கண்ணாடியின்கீழ் ஓரமாக ஒரு குமிழி தெளிவாக நின்றது. அது கண்ணாடி.

அடுத்த வினா, அது எக்காலத்துக் கோலி என்பது. கல்லாக இல்லாவிடினும் பழமையான கோலியாயின் சேகரிப்போர் விலை தருவர் என்று கடைக்காரர் கேள்விப்பட்டிருந்தார். அது உண்மையே. ஜெர்மனியின் துரிங்கியா மலைப்பகுதியிலுள்ள லவுஷா என்ற ஊரில் 1840களில் கோலி வெட்டும் தனிக் கத்தரிக்கோல் உருவாயிற்று. கண்ணாடிக் கோலை உருக்கி, அதன் நுனியைக் கிண்ணம் பொருந்திய அக்கத்தரியால் உருட்டி வெட்டுவர். வெட்டிய இடத்தில் கரடுமுரடான வடு எஞ்சும். சிலவற்றில் அதனைத் தேய்த்துச் சமப்படுத்தியிருப்பர். முதல் உலகப்போர் வரை உலகச் சந்தையில் அக்கோலிகளே கோலோச்சின. அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் மார்ட்டின் கிறிஸ்டென்சன் 1905இல் காப்புரிமை பெற்ற பொறி அந்நிலையை மாற்றத் தொடங்கியது. அதே நகரில் தோன்றி 1914இல் மேற்கு வர்ஜீனியாவின் கிளார்க்ஸ்பர்க் ஊருக்குப் பெயர்ந்து, 1951 வரை இயங்கிய ஆக்ரோ அகேட் என்னும் நிறுவனம் பாலொளிக் கோலிகளை 'மூனி' என்ற பெயரால் விற்றது. நிலவின் பெயரை இக்கோலிக்கு இட்டவர் வணிகர். நம் நாட்டில் அதனைச் சந்திரகாந்தமாகவே ஆக்கிவிட்டோம்.

வடு ஒன்றேனும் இருப்பின் கைவினை எனலாம். பொறியில் உருண்ட கோலியில் எதிரெதிராக இரண்டு மெல்லிய வெட்டுத் தழும்புகள் இருப்பதுண்டு. பிற்காலப் பொறிகளில் வந்தவற்றில் அவையும் மறைந்துவிடும். இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். பழைய கோலியின் சிராய்ப்பை நீக்கத் தேய்த்து மெருகேற்றுவோர் உளர். அவ்வாறு தேய்க்கும்போது வடுவும் போய்விடும், வரலாறும் போய்விடும். புறஊதா விளக்கில் பச்சையாக ஒளிர்வதைப் பழமைக்குச் சான்றாகக் கொள்வதும் பிழையே. யுரேனியம் கலந்த கண்ணாடி அவ்வாறு ஒளிரும் என்பது உண்மை. ஆனால் அத்தகைய கண்ணாடி இன்றும் செய்யப்படுகிறது. மிதவைக் கண்ணாடித் தகட்டில் வெள்ளீயம் பட்ட பக்கம் எது எனக் கண்டறியக் கண்ணாடித் தொழிலில் கையாள்வதும் புறஊதா விளக்கையே. அங்கு அது பக்கத்தைத்தான் கூறுகிறது, ஆண்டைக் கூறுவதில்லை.

கடைக்காரர் ஒரு தகர டப்பாவிலிருந்து வேறு சில குண்டுகளையும் கொட்டினார். அவை வெளிர்பச்சையானவை, தெளிவானவை. உடைந்த கோலிச் சோடாப் புட்டிகளிலிருந்து வந்தவை என்று பார்த்தவுடன் தெரிந்தது. ஆங்கிலேயரான ஹைரம் காட் 1872இல் காப்புரிமை பெற்ற புட்டி அது. உள்ளிருக்கும் வாயுவே குண்டை மேலே தள்ளிக் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு அழுத்தி மூடிவைக்கும். ஜப்பானில் 'ராமுனே' என்றும் தமிழகத்தில் கோலிச் சோடா என்றும் அது இன்றுவரை வாழ்கிறது. மணலிலுள்ள இரும்பே அப்பச்சைக்குக் காரணம். அக்குண்டுகளை ஒரு ரூபாய்க்கும் வாங்குவார் இல்லை என்றார் கடைக்காரர். எனக்கென்னவோ அவையே நம் ஊர் வரலாற்றுக்கு நெருங்கியவை என்று தோன்றியது. எங்கு, எதற்காக இருந்தன என்பது அவற்றைப் பொறுத்தவரை ஐயமற்றது. அவற்றுள் நான்கை வாங்கிக்கொண்டேன்.

பால்நிறக் குண்டில் வடு இல்லை. ஒருபுறம் மெல்லிய தழும்பு ஒன்று நகத்துக்குத் தட்டுப்பட்டது, அதற்கு நேரெதிரே மற்றொன்று. பரப்பில் பிறை வடிவச் சிறு அடிகள் பல இருந்தன. பிள்ளைகள் ஆடிய கோலி அது. பொறியில் உருண்டது, எனவே 20ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்டதன்று. ஆலையின் பெயரைச் சொல்ல அதில் எதுவும் இல்லை. ஆக்ரோ எனக் கூறி அயல்நாட்டுச் சேகரிப்போருக்கு அனுப்பலாமே என்று கடைக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். ஈரமான தானியத்தை அடியில் மறைத்து வைத்த வணிகரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்ச்சியை அவருக்கு நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. கேட்டவுடனே தாமே தலையசைத்து மறுத்துக்கொண்டார்.

மாலையில் அம்மையார் வந்தார். அவரிடம் உண்மையைச் சொன்னோம். சற்றுநேரம் பேசாதிருந்தார். பின்னர், கணவர் அதனைக் கல் என்று ஒருபோதும் சொன்னதில்லை என்றும், தாம்தான் அவ்வாறு எண்ணிக்கொண்டதாகவும், பிள்ளைகள் சிறுவயதில் அதை வைத்து ஆடியதாகவும் கூறினார். விற்க வேண்டாம் என்று முடிச்சைத் திரும்ப வாங்கிக்கொண்டார். துணிக்குள் வைக்க ஒரு துண்டுத் தாள் எழுதித் தருமாறு கேட்டதால் இவ்வாறு எழுதித் தந்தேன்:

"கண்ணாடிக் கோலி. பாலொளி வகை. பொறியில் செய்தது, தழும்பு இரண்டு. குறுக்களவு 16 மி.மீ. கறுப்பின்மேல் நீலம், வெயிலுக்கு எதிரே செம்மஞ்சள். குமிழி ஒன்று. 20ஆம் நூற்றாண்டு. கொழும்பிலிருந்து வந்ததாக வீட்டார் கூற்று."